கடல் தெரியும் வீடும், மணலுக்குள் ஒரு நல்ல தண்ணீரும்!

அதிகாலை ஐந்தரை மணி. நீலாங்கரைக் கடற்கரையில் இரண்டு கூட்டம் இருக்கும். ஒன்று, வீட்டிலிருந்து கடலுக்கு வந்திருக்கும் கூட்டம். மற்றொன்று, கடலிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் கூட்டம்.

முதல் கூட்டத்தின் காலில் ஷூ, காதில் இயர்போன், கையில் நாயின் கயிறு. டாக்டர் சொன்ன கணக்குப்படி வேகவேகமாக நடப்பார்கள். இரண்டாவது கூட்டம் ஃபைபர் படகைத் தள்ளி மணலில் ஏற்றிவிட்டு, வலையை விரித்து உட்கார்ந்திருக்கும். வலையில் சிக்கிய நண்டை, கொடுக்கு கடிக்காமல் கழற்றுவது தனி வித்தை. விரல்கள் பார்க்காமலேயே அதைச் செய்யும்.

"என்னண்ணா, இன்னிக்கு என்ன மீன்?"

"பெருசா ஒண்ணும் மாட்டலைம்மா. கொஞ்சம் சங்கரா, கொஞ்சம் காரப்பொடி. வேணும்னா எடுத்துக்கோங்க."

வாக்கிங் வந்தவர் பையை நீட்டுவார். ஐந்து நிமிட வியாபாரம். பிறகு அவர் கிழக்கே பார்த்த பால்கனி உள்ள பங்களாவுக்குப் போவார். இவர் அதற்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் குப்பத்துக்குப் போவார். இரண்டு வீட்டுக்கும் வாசலில் ஒரே கடல்தான். காலையில் மோட்டார் போட்டால், இரண்டு வீட்டுக்கும் ஏறுவது ஒரே மணலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்தான்.

சென்னையின் மிக வசதியான புறநகர்களில் ஒன்று என்று ஈ.சி.ஆரைச் சொல்கிறோம். திருவான்மியூரைத் தாண்டியதும் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, வெட்டுவாங்கேணி, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, பனையூர், உத்தண்டி என்று ஊர்கள் வரிசையாக வரும். கிழக்கே வங்கக்கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். நடுவில் ஒரு மெல்லிய மணல் பட்டை, அதன் முதுகில் கிழக்குக் கடற்கரைச் சாலை. சில இடங்களில் கால்வாயிலிருந்து கடல் வரை நடந்தே இருபது நிமிடத்தில் போய்விடலாம். இந்தச் சின்னப் பட்டைக்குள்தான் சினிமா நட்சத்திரங்களின் வீடுகள், தொழிலதிபர்களின் பண்ணை வீடுகள், வெளிநாட்டில் இருப்பவர்கள் வாங்கிப் போட்ட வில்லாக்கள், கல்யாண மண்டபங்கள், மீனவக் குப்பங்கள் எல்லாம் நெருக்கியடித்து இருக்கின்றன.

சவுக்குத் தோப்பாக இருந்த காலம்

இன்றைக்கு இங்கே ஒரு கிரவுண்டு விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால், அறுபது வருடங்களுக்கு முன்பு இது சீண்டுவாரற்ற மணல்காடு. சவுக்கு, தாழை, பனை, மணலைப் பிடித்துப் படரும் அடம்புக்கொடி, காலில் குத்தும் ராவணன் மீசைப் புல். இவைதான் இந்த ஊர்களின் பழைய குடிகள். அதற்கு அப்பால் மீனவர்கள். வேறு யாருக்கும் இங்கே வேலை இல்லை.

அப்படிப்பட்ட இடத்தைத் தேடி முதலில் வந்தவர்களில் ஓவியர்களும் உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தன் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். படம் வரைந்து மட்டும் பிழைக்க முடியாது என்பதால் துணியில் பாத்திக் வேலைப்பாடு செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். கையில் காசு அதிகம் இல்லாத கலைஞர்களுக்குக் கடலோரத்தில் இடம் கிடைத்தது என்றால், அன்றைக்கு இந்த மணலின் மதிப்பு என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஓவியர் கிராமம் இன்றும் அங்கேயே இருக்கிறது. மரங்களின் நிழலில் சிற்பங்களைப் பார்த்தபடி நடக்கலாம். சுற்றிலும் இருக்கும் நிலம் மட்டும் வேறு ஊராகிவிட்டது.

பிறகு வி.ஜி.பி. கோல்டன் பீச் வந்தது. அசையாமல் நிற்கும் 'சிலை மனிதனை'ச் சிரிக்க வைக்க முயன்று தோற்ற குழந்தைகள் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். பிரார்த்தனா திறந்தவெளித் தியேட்டரில் காருக்குள் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிவந்த புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டே படம் பார்த்த தலைமுறையும் உண்டு. 1996-ல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறக்கப்பட்டது. ஈ.சி.ஆர். என்றால் சனி, ஞாயிறு போய்வரும் இடம் என்றிருந்தது.

சாலையை அகலமாக்கிச் செப்பனிட்டு, 2000-களின் தொடக்கத்தில் சுங்கச்சாவடி வந்த பிறகு எல்லாம் மாறியது. பக்கத்தில் ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனிகள் வந்தன. போய்வரும் இடம், குடியிருக்கும் இடமானது. 2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, நீலாங்கரையும் ஈஞ்சம்பாக்கமும் உத்தண்டியும் சென்னைக்குள் வந்தன. பஞ்சாயத்து போர்டு போய், மாநகராட்சி வார்டு வந்தது. சவுக்குத் தோப்புகள் மனைகளாயின. சவுக்கு மரத்தின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய தெரு மட்டும் நீலாங்கரையில் இன்னும் இருக்கிறது.

உப்புக்காற்றுக்கு வாடகை

கடல் தெரியும் வீட்டில் வாழ்வது எப்படி இருக்கும்? முதல் மாதம் சொர்க்கம். அலைச் சத்தத்தில் தூக்கம், சூரிய உதயத்தில் காபி. ஆறு மாதம் கழித்துத்தான் உப்புக்காற்று தன் வேலையைக் காட்டத் தொடங்கும்.

கேட்டின் கீல் முதலில் முனகும். ஜன்னல் கம்பியில் பெயின்ட் கொப்பளிக்கும். மொட்டை மாடியில் இருக்கும் ஏ.சி.யின் வெளி யூனிட் துருப்பிடித்துப் பொடிப்பொடியாக உதிரும். பித்தளைக் குத்துவிளக்கு ஒரே வாரத்தில் கறுக்கும். டி.வி., ஃப்ரிட்ஜ் எல்லாம் நகரத்துக்குள் உழைப்பதைவிடக் குறைவான ஆயுளோடு விடைபெறும். சமையலறை உப்பு ஜாடியில் எப்போதும் ஈரம். அப்பளத்தை டப்பாவில் அடைத்து வைத்தாலும் பதம் போய்விடும். 'கடலுக்கு மாசாமாசம் வாடகை கட்டறோம்' என்பது இந்தப் பக்கத்து இல்லத்தரசிகளின் நகைச்சுவை.

சாலையும் சும்மா விடாது. வெள்ளிக்கிழமை மாலை நகரமே மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் கிளம்பும். அந்த நேரத்தில் பால் வாங்க எதிர்ச்சாரிக்குப் போக வேண்டுமானால், பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் சாலையைக் கடக்க வேண்டும். திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை ஆறு வழிச் சாலையாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. பாதி இடிபட்ட கடைகளும், நடைபாதையில் முளைத்த கம்பிகளும் இப்போது இங்கே பழகிப்போன காட்சி.

இன்னொரு காட்சியும் உண்டு. சில தெருக்களில் இரவு எட்டு மணிக்கு நடந்தால், வரிசையாகப் பெரிய வீடுகள், எல்லாவற்றிலும் இருட்டு. பிள்ளைகள் அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில். அப்பா அம்மா ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. அத்தனை பெரிய வீட்டில் விளக்கு எரிவது வாட்ச்மேன் அறையில் மட்டும்தான். தன் ஊரில் ஓட்டு வீட்டை விட்டுவிட்டு வந்தவர், இங்கே கடல் பார்த்த பங்களாவைத் தனியாளாகக் காவல் காப்பார். செடிக்குத் தண்ணீர் விடுவதும், சம்ப்பில் தண்ணீர் மட்டம் பார்ப்பதும் அவருடைய அன்றாட வேலை.

மணலுக்குள் மிதக்கும் தண்ணீர்

இந்த ஊரின் உண்மையான சொத்து எது என்று ஒரு பழைய கிணறு தோண்டுபவரிடம் கேட்டால், கடலைக் காட்டமாட்டார். காலுக்குக் கீழே காட்டுவார்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தோண்டினாலும் நல்ல தண்ணீர் கிடைத்த இடம் இது. உறை இறக்கி, பத்துப் பதினைந்து அடியில் குடிக்கத் தகுந்த தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். எதிரே உப்புக்கடல், இங்கே இனிப்புத் தண்ணீர். இது எப்படி?

மணல் மழையை உடனே குடித்துவிடும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மணல்மேட்டில் விழுந்த அந்த மழை கீழே இறங்கி, அங்கே ஏற்கெனவே இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கும். நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை அதிகம் என்பதால் இரண்டும் லேசில் கலக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய கிண்ணத்தைப் போல நல்ல தண்ணீர் மணலுக்குள் தங்கியிருக்கும்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்பே நெதர்லாந்து, ஜெர்மனி நாடுகளைச் சேர்ந்த இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரம் நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிவரை அந்த நல்ல தண்ணீர் இருக்கும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறதா? இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறி வரும்.

அதனால்தான் இங்கே போர்வெல்லை ஆழமாக இறக்கி, பெரிய மோட்டாரை வைத்து உறிஞ்சினால் ஆபத்து. ஒரு நாள் குழாயில் வரும் தண்ணீர் லேசாகக் கரிக்கும். சோப்பு நுரைக்காது. துளசிச் செடி வாடும். பிறகு எத்தனை லட்சம் செலவு செய்தாலும் அந்தக் கிணற்றைச் சட்டென்று பழையபடி இனிக்க வைக்க முடியாது. பல மழைக்காலங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

இந்த ஆபத்து அரசுக்குத் தெரியாததல்ல. சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987-லேயே சட்டம் வந்தது. 2003-ல் தமிழகம் முழுக்கக் கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. ஆனால் வீடுகள் கூடிக்கொண்டே போயின. நீச்சல் குளங்கள் வந்தன, புல்வெளிகள் வந்தன. வாசலிலிருந்து கொல்லை வரை டைல்ஸ் பதித்த வீடுகள் வந்தன. மழையைக் குடித்த மணலின் வாயைச் சிமென்டால் மூடிவிட்டு, அடியில் மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தால் கிண்ணம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

கழிவுநீருக்கும் இதே மணல்தான். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் செப்டிக் டேங்க்தான் கதி. மழையை வேகமாக உள்ளே விடும் மணல், கழிவையும் அதே வேகத்தில்தான் உள்ளே விடும். பக்கத்து வீட்டுத் தொட்டிக்கும் நம் வீட்டுக் கிணற்றுக்கும் இடையில் எத்தனை அடி என்பது, இங்கே வீடு வாங்க வருபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

லாரி வந்தாச்சா?

2019 கோடையை இந்தத் தெருக்கள் மறக்காது. அந்த ஜூன் மாதம் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு பெரிய ஏரிகளும் வறண்டு கிடந்தன. பணம் இருந்தும் தண்ணீர் இல்லை என்ற நிலை அப்போது பல வீடுகளுக்கு முதன்முறையாகப் புரிந்தது. லாரிக்கு போன் செய்தால் 'நாலு நாள் ஆகும்' என்றார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கப் பூங்கொத்துகள் போய், 'யாருக்காவது லாரி நம்பர் இருக்கா?' என்ற கேள்விகள் வந்தன. வில்லாவில் இருந்தவர்கள் ஒரு வாளியில் குளிக்கப் பழகினார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் செடிக்குப் போனது. கிராமத்தில் வளர்ந்த பாட்டிகளுக்கு மட்டும் எதுவும் புதிதாக இல்லை. "இதைத்தானே நான் முப்பது வருஷமா சொல்றேன்" என்றார்கள்.

குப்பத்தில் நிலைமை வேறு. அங்கே லாரியை விலைக்குக் கூப்பிட முடியாது. குடங்கள் வரிசையில் நிற்கும். அடிபம்பில் முதலில் காற்று வரும், பிறகு கலங்கல் வரும், கடைசியில்தான் தண்ணீர் வரும். பங்களாவின் கிணறு கரித்தால், அந்த வீட்டுக்காரர் ஆர்.ஓ. மெஷின் வாங்குவார். குப்பத்தின் அடிபம்பு கரித்தால், அங்கிருக்கும் பெண்கள் இன்னும் தூரம் நடப்பார்கள். கிண்ணம் ஒன்றுதான். அது காலியாகும்போது முதலில் தெரிவது யாருக்கு என்பதுதான் வித்தியாசம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதே சாலையில் இன்னும் தெற்கே போனால் நெம்மேலி. அங்கே 2013-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024-ல் இன்னொன்று, 15 கோடி லிட்டருக்கு. வங்கக்கடல் அங்கே இனிப்பாகி, குழாய் வழியே தென்சென்னைக்குப் பயணம் செய்கிறது. மின்சாரத்தைக் கொட்டி, பெரும் செலவில் செய்யும் அந்த வேலையை, ஈ.சி.ஆரின் மணல் காலங்காலமாக இலவசமாகச் செய்துகொண்டிருந்தது.

கால்வாய்க்கு அந்தப் பக்கம்

காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்புகளில் இன்னொரு கூட்டம் இறங்கும். சமையல் செய்ய, வீடு பெருக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள, வயதானவர்களைக் கவனித்துக்கொள்ள வரும் பெண்கள். சிலர் குப்பங்களிலிருந்து நடந்தே வருவார்கள். சிலர் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி குடியிருப்புகளிலிருந்து வருவார்கள். நகரத்தின் நடுவில் ஆற்றோரமும் கடலோரமும் குடிசைகளில் இருந்து, அங்கே மாற்றிக் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் அவை. காக்கை பறந்தால் பக்கம்தான். ஆனால், பக்கிங்காம் கால்வாயைக் கடக்க வண்டி போகும் பாலங்கள் மிகச் சில. சோழிங்கநல்லூர் சுற்றி அக்கரை வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும்.

இந்தப் பெண்கள் ஒரு நாள் வராவிட்டால் தெருவே தடுமாறும். லாரித் தண்ணீரில் வேலைசெய்யும் வீட்டில், 'குழாயை மெதுவா திற பாப்பா' என்று எஜமானியம்மாவுக்கே சொல்லிக்கொடுப்பதும் இவர்கள்தான். தண்ணீர் இல்லாமல் வாழ்ந்த அனுபவம் அவர்களுக்கு அதிகம்.

பங்களாவும் குப்பமும் சேர்ந்து

எல்லாம் கவலைப்படும் சேதிதான் என்றில்லை. இந்தப் பகுதியில் பெரிய கான்கிரீட் மழைநீர் வடிகால் அமைக்கத் திட்டம் வந்தபோது, 'எங்கள் தெருவில் தண்ணீர் தேங்குவதே இல்லை, மணல் குடித்துவிடும். மழையைக் கடலுக்கு ஓட்டிவிட்டால் கிணற்றுக்கு என்ன மிஞ்சும்?' என்று குடியிருப்போர் கேட்டார்கள். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கேட்டைத் திறந்தால் கார், காரை விட்டு இறங்கினால் வீடு என்று இருந்தவர்கள், தங்கள் தெருவின் மணல் எப்படி வேலை செய்கிறது என்று படித்தார்கள். பல வீடுகளில் டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, மழைநீர் இறங்கக் குழி வெட்டினார்கள். மூடிக்கிடந்த திறந்தவெளிக் கிணறுகளைத் தூர்வாரி, மொட்டை மாடித் தண்ணீரை அதில் விட்டார்கள். ஆழ்துளையை விட்டுவிட்டு, மேல்மட்டத் தண்ணீரை மட்டும் அளவாக எடுக்கும் வழக்கம் சில வளாகங்களில் வந்திருக்கிறது.

இரவில் இன்னொரு நல்ல காரியம் நடக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். 1988-லிருந்து மாணவர்கள் குழுவாக, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் நடந்து முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கிறார்கள். ஒரு குழியில் நூற்றுக்கும் மேல் முட்டைகள். ஏறக்குறைய 50 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று அவை நம்பும். பங்களாவின் தோட்ட விளக்கு எரிந்தால், கடலை விட்டுவிட்டு மதில் சுவரை நோக்கி நடக்கும். அதனால் அந்த மாதங்களில் கடல் பக்கத்து விளக்கை அணைத்துவிடும் வீடுகள் உண்டு. ஒரு சுவிட்ச்தான். அந்தக் குஞ்சுக்கு அதுதான் வாழ்வா சாவா.

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது, கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் மணல்மேடு எதற்கு என்று இந்தக் கரை பார்த்தது. கடல் தெரிய வேண்டும் என்று மேட்டைச் சமன்படுத்தலாம். ஆனால் தண்ணீரைச் சேர்த்து வைப்பதும், அலையைத் தாங்குவதும், ஆமைக்குத் தொட்டில் கட்டுவதும் அந்த ஒரே மேடுதான்.

அடுத்த முறை ஈ.சி.ஆர். பக்கம் போனால், ஏதாவது ஒரு சின்னத் தெருவில் திரும்பிக் கடல்வரை நடந்து பாருங்கள். கடற்கரை எல்லோருக்கும் பொதுவானது, யாரும் தடுக்க முடியாது. கார்த்திகை மழை நின்ற சமயமாக இருந்தால் இன்னும் நல்லது. தார்ச் சாலையிலும் டைல்ஸ் முற்றத்திலும் தண்ணீர் தேங்கி நிற்கும். குப்பத்துப் பக்கம் படகு கிடக்கும் மணலில் கொஞ்ச நேரத்தில் சுவடே இருக்காது. குனிந்து ஒரு கை மணலைத் தோண்டிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருக்கும். நாளை காலை பங்களாவின் காபிக்கும் குப்பத்தின் உலைக்கும் அந்த ஈரம்தான் வரப்போகிறது.